மாறிட்டா, மாத்திட்டாவளா? ‘மாறு’ங்கிற சொல்லப் பத்தி கொஞ்சம் விரிவா

தங்கச்சி, நீங்க கேட்டது ரெண்டு கேள்வி. பெங்களூர்ல கூட வேலை பாக்குற கன்னடக்காரங்க ‘மாரு’ன்னா விக்கிறதுன்னு சொல்லுதாவளே, நம்ம அம்பாசமுத்திரம் பக்கம் மாறுன்னா சேஞ்சுதான, ரெண்டும் ஒரே சொல்லா வேற வேறயான்னு ஒண்ணு. பேங்க்ல தமிழ்ல லெட்டர் எழுதும்போது மாற்றம், மாறுதல், மாற்று இந்த மூணுல எத எங்க போடணும்னு இன்னொண்ணு. ரெண்டுக்கும் பதில் ஒரே எடத்துலதான் கெடக்கு, அதனால சேத்தே சொல்லுதேன், நீளமாப் போவும், பொறுமையாப் படிங்க.

ஒரே சொல்தான். கன்னடத்துலயும் பழைய எழுத்துல நம்மள மாதிரி வல்லின ‘ற’ இருந்துச்சு, அப்பம் அதுவும் ‘மாறு’தான், பொறவு அந்த எழுத்து அங்க வழக்கத்துல இருந்து போனதால ‘மாரு’ன்னு எழுதுதாவ. அங்க சந்தைக்கு ‘மாருகட்டெ’ன்னு பேர், போர்டுல பாத்திருப்பிய. விக்கிறதுக்கும் சேஞ்சுக்கும் என்ன சம்பந்தம்னு தோணும். காசு பொழக்கம் கம்மியா இருந்த காலத்துல விக்கிறதுன்னா என்ன, ஒண்ணக் குடுத்து இன்னொண்ண வாங்குறது, அவ்ளோதான. ‘மாறு’வோட அடிவேர் அங்கதான் இருக்கு. ஒண்ணு நின்ன எடத்துல இன்னொண்ணு வந்து நிக்கிறது. இத மட்டும் மனசுல வச்சுக்கிட்டா மத்த எல்லா அர்த்தமும் தானா வெளங்கிரும்.

இதுக்கு நம்மகிட்டயே அருமையான சாட்சி இருக்கு. குறுந்தொகை 269-ம் பாட்டுல ஒரு நெய்தல் நிலத்துப் பொண்ணு பேசுதா. சுறா அடிச்ச புண்ணு ஆறி அப்பா திரும்பவும் கடலுக்குப் போயிட்டாரு, அம்மா ‘உப்பை மாறி வெண்ணெல் தரீஇய’ உப்பளத்துக்குப் போயிருக்கான்னு சொல்லுதா. உப்பக் குடுத்து நெல்லு வாங்கியார. அந்த வரிய இன்னைக்கி நாம எழுதுனா ‘உப்பை மாற்றி’ன்னு எழுதுவோம், பாட்டுல ‘மாறி’ன்னே இருக்கு. அதாவது பண்டமாற்று பண்ணுறதுக்கு ‘மாறுதல்’னே பேர் இருந்திருக்கு. கன்னடம் அந்த அர்த்தத்த விடாமப் புடிச்சு வச்சிருக்கு, நாம ‘பண்டமாற்று’ங்கிற ஒரு சொல்லுக்குள்ள மட்டும் வச்சிருக்கோம். தூத்துக்குடி உப்பளத்து வழியா போயிட்டு வாரவங்களுக்கு அந்தப் பாட்டு ரொம்பக் கிட்டத்துல தெரியும், வெள்ளை வெள்ளையா குமிச்சுப் போட்டிருக்க உப்பப் பாத்துக்கிட்டே படிக்கணும் அத.

நம்ம பேச்சுல இந்தப் பழைய அர்த்தம் செத்துப் போச்சுன்னு நெனைக்காதிய. நெல்லையப்பர் கோயில்ல சாமி கும்புட்டுட்டு வெளிய வாரிய, வாசல்ல நீங்க போட்ட செருப்பக் காணும், அதே கலர்ல, அதே சைஸ்ல, குதிகால் தேஞ்ச ஒரு ஜோடி மட்டும் கெடக்கு. அப்பம் என்ன சொல்லுவிய? ‘செருப்பு மாறிட்டு.’ செருப்பு ஒண்ணும் உருவம் மாறல, கலர் மாறல. ஒரு ஜோடி போயி இன்னொரு ஜோடி வந்துட்டு. கல்யாண வீட்டுல குடை மாறிட்டு, லாண்டரில சட்டை மாறிட்டு, ரயில்ல பை மாறிட்டு, எல்லாம் இதே கணக்குதான். இங்கிலீஷ் சேஞ்ச இந்த எடத்துல போட்டுப் பாருங்க, ஒட்டவே ஒட்டாது.

நிச்சயதார்த்தத்துல தட்டு மாத்துதோம், கல்யாணத்துல மாலை மாத்துதோம், மோதிரம் மாத்துதோம். அங்கயும் குடுத்து வாங்குறதுதான். குத்தாலத்துல சாரல் தொடங்கி ஜூன் ஜூலைல குடும்பத்தோட கெளம்பும்போது ஆச்சி மொதல்ல கேக்கது ‘மாத்துத்துணி எடுத்துக்கிட்டியாட்டி?’தான். அருவில நனைஞ்ச துணிக்குப் பதிலா உடுத்த இன்னொரு துணி. இந்த ‘மாத்து’ எழுத்துல ‘மாற்று’, ற்ற எல்லாம் பேச்சுல த்த ஆயிரும்லா, ஆற்று ஆத்து, ஏற்று ஏத்து, அந்த மாதிரி. இதே மாத்துங்கிற சொல்லு நம்ம கிராமங்கள்ல இன்னொரு எடத்துலயும் இருந்துச்சு. வீட்டுல பிள்ள சமைஞ்சாலோ, தீட்டு நாள்லயோ சலவைத் தொழிலாளி வீட்டுல இருந்து வெளுத்த சேலை வரும், அதுக்கு ‘மாத்து’ன்னு பேரு, சாவு வீட்டுலயும் கோயில் கொடைத் திருவிழாலயும் நடந்து வாரவங்களுக்கு முன்னால தரைல விரிக்கத் துணிக்கு ‘நடைமாத்து’ன்னு பேரு. சாதி சொல்லி சும்மா வாங்குன வேலை அது, இன்னைக்கி அந்த மக்கள் அதுல இருந்து வெளிய வந்திருக்காவ, வந்ததுதான் சரி. ஆனா அந்தச் சொல்ல எழுதி வைக்கணும். யாரு உழைப்புல யாரு சுத்தமா உடுத்துனாவங்கிறது அந்த ஒரு சொல்லுல இருக்கு.

கைமாத்து உங்களுக்குத் தெரியும், பேங்க்காரங்களுக்கு அது பிடிக்காது, பத்திரம் கெடையாது, வட்டி கெடையாது, ‘கைமாத்தா ஒரு ரெண்டாயிரம் தாங்க அண்ணாச்சி, ஒண்ணாந்தேதி தந்திருதேன்’, கைல இருந்து கைக்கு மாறுது, திரும்ப அந்தக் கைக்கே வரணும். எழுத்துத் தமிழ்ல ‘கைம்மாறு’ன்னா செஞ்ச உதவிக்குப் பதில் உதவி. 211-ம் குறள்ல வள்ளுவர் ‘கைம்மாறு வேண்டா கடப்பாடு’ன்னு மழையச் சொல்லுதாரு, மழைக்கு இந்த ஒலகம் என்னத்தத் திருப்பிக் குடுக்க முடியும்னு கேக்காரு. பேச்சுல கைமாத்து கடனாச்சு, எழுத்துல கைம்மாறு நன்றியாச்சு. ரெண்டுலயும் ‘பதிலுக்குப் பதில்’ங்கிறதுதான் உள்ள இருக்கு.

இந்தப் ‘பதில்’ங்கிற அர்த்தந்தான் எனக்கு எல்லாத்தையும் விட ரொம்பப் பிடிச்சது. பழந்தமிழ்ல ‘மாற்றம்’னா சேஞ்ச் இல்ல, சொல்லு, அதுவும் முக்கியமா பதில் சொல்லு. 725-ம் குறள்ல ‘அவையஞ்சா மாற்றங் கொடுத்தற் பொருட்டு’ன்னு வருது, சபைக்குப் பயப்படாம எதிர்ல பேசுறவனுக்குப் பதில் சொல்லுறதுக்காகப் படிங்கன்னு அர்த்தம். தூது அதிகாரத்துல 689-ம் குறள், ‘விடுமாற்றம் வேந்தர்க்கு உரைப்பான்’, ராஜா சொல்லியனுப்புன சேதிய இன்னொரு ராஜாகிட்ட சொல்லுறவன். இன்னைக்கிப் பிள்ளைங்க இந்தக் குறளப் படிச்சிட்டு மாற்றத்த சேஞ்சுன்னு எடுத்துக்கிட்டு அர்த்தம் புரியாம முழிக்கறதப் பாக்கேன், பாவம், வாத்தியாருங்க இத மொதல்லயே சொல்லிக் குடுத்திரணும். ஒருத்தன் சொன்ன சொல்லுக்கு எதிர்ல இன்னொரு சொல்லு வந்து நிக்குது, அது மாற்றம். ‘மறுமொழி’ன்னு சொல்லுதோமே, அதுவும் இந்த வழிதான், மறு, மாறு ரெண்டும் ரொம்ப நெருங்குன சொந்தம். மறுவீடு, மறுநாள், கொளம் நெறஞ்சு மறுகால் பாயுதுன்னு ஐப்பசி கார்த்திகைல கேப்போமே அந்த மறுகால், எல்லாத்துலயும் ‘இன்னொண்ணு’ங்கிறதுதான் இருக்கு.

எதிர்ல நிக்கிறதுங்கிற அர்த்தம் கொஞ்சம் கூர்மையானா பகை. மாற்றான்னா எதிரி. மாறுபாடு, மாறாகப் பேசுறது, மாறுகண்ணு. சாப்பாட்டப் பத்தி 944-ம் குறள்ல ‘மாறல்ல துய்க்க’ன்னு இருக்கு, ஒடம்புக்கு ஒத்துக்காதத, எதிராப் போறத சாப்பிடாதேன்னு. மாற்றாந்தாய்ங்கிற சொல்லுல பகை எதுவும் கெடையாது, தாய் எடத்துல வந்த இன்னொரு தாய், அவ்ளோதான்.

தங்கம் வாங்கப் போனா ‘பத்தரை மாத்துத் தங்கம்’னு சொல்லுவாவ. இந்த மாற்று தங்கத்தோட தரம். உரைகல்லுல நகைய ஒரு கோடு உரசி, தரம் தெரிஞ்ச தங்கம் வச்ச ஆணிய பக்கத்துல இன்னொரு கோடு உரசி, ரெண்டு கோட்டோட நெறத்தையும் ஒப்பிட்டுப் பாத்துத்தான் ஆசாரிமாரு தரம் சொன்னாவ. ஒண்ணுக்கு எதிர்ல ஒண்ண வச்சுப் பாக்கறதால அதுக்கு மாற்றுன்னு பேர் வந்திருக்கணும்னு எனக்குப் படுது. பத்தரைங்கிறத 24 காரட்டுன்னு வச்சுக்கிட்டா இப்பம் நம்ம போடுற 22 காரட் நகை ஒம்பதரைக்குக் கொஞ்சம் மேல வரும்.

இன்னொரு அர்த்தம் நம்ம தெக்கத்திப் பக்கம் நல்லாத் தெரியும். வள்ளியூர், பணகுடி தாண்டி நாரோயில், அதான் நாகர்கோவில் பக்கம் போனா ‘காய்ச்சல் மாறிட்டா?’ன்னு கேப்பாவ. காய்ச்சல் வேற காய்ச்சலா மாறிட்டான்னு கேக்கல, விட்டுட்டான்னு கேக்காவ. ‘கொஞ்சம் மாறி நில்லு’ன்னா தள்ளி நில்லு. மலையாளத்துலயும் அப்படித்தான், இலங்கைத் தமிழ்லயும் ‘வருத்தம் மாறிட்டுது’ன்னா நோய் சொகமாயிட்டுன்னு அர்த்தம். மெட்ராஸ்காரங்க இத மலையாள வாடைன்னு சொல்லுவாவ, அது சரியில்ல. 701-ம் குறள்ல ‘மாறாநீர் வையக்கு அணி’ன்னு வள்ளுவர் சொல்லுதாரு, மாறாநீர்னா வத்தாத நீர், கடல். பரிமேலழகரும் வற்றாத நீருன்னுதான் உரை எழுதியிருக்காரு. அப்பம் மாறுறதுன்னா வத்துறது, நின்னு போறது, வெலகுறது. அந்தப் பழைய அர்த்தத்த நாரோயில் பக்கத்து ஆச்சிமாரு காப்பாத்தி வச்சிருக்காவ.

சரி, இப்பம் ரெண்டாவது கேள்விக்கு வாரேன், அதுக்கு இலக்கணத்துல ஒரே ஒரு விஷயம் தெரிஞ்சாப் போதும். மாறுன்னா தானா நடக்குறது, தன்வினை. மாற்றுன்னா ஒரு ஆளு செய்யறது, பிறவினை. ஏறு ஏற்று, தேறு தேற்று, அதே வரிசை. நெல்லைப் பேச்சுல இந்த வித்தியாசம் கத்தி மாதிரி தெளிவா இருக்கும். ஜங்ஷன்ல எறங்கி புது பஸ் ஸ்டாண்டுக்கு ‘பஸ் மாறணும்’னா நான் ஒரு பஸ்ஸ விட்டு இன்னொரு பஸ்ல ஏறணும். ‘பஸ்ஸ மாத்திட்டாவ’ன்னா டெப்போல இருந்து அந்த ரூட்டுக்கு வேற வண்டி விட்டுட்டாவ. ‘ஆளே மாறிட்டான்’னா கொணம் போயிட்டு. ‘ஆள மாத்திட்டாவ’ன்னா அந்த சீட்ல வேற ஆளு. வாக்கு மாறுறவன் ஒருத்தன், பேச்ச மாத்துறவன் இன்னொருத்தன், மொதலாமவன் சொன்னபடி நடக்கல, ரெண்டாமவன் நான் அப்படிச் சொல்லவே இல்லங்கான். ரெண்டாமவன் கூடுதல் ஆபத்து.

தென்காசிய எடுத்துக்கிடுங்க. 2019 நவம்பர் 22-ல தனி மாவட்டமாச்சு. ஆலங்குளத்துல இருக்க எங்க சொந்தக்காரங்க வீடு மாறல, வாசல் மாறல, ஆதார்ல மட்டும் ‘மாவட்டம் மாறிட்டு’ன்னு சொல்லுதாவ. அதே தெருவுல கலெக்டர் ஆபீஸ் வேலையா நெல்லைக்கிப் போயே பழகுன பெரியவர் ‘மாவட்டத்த மாத்திட்டானுவ’ன்னு சொல்லுதாரு. விஷயம் ஒண்ணுதான், சொல்லுற ஆளோட மனசு எங்க நிக்குன்னு அந்த ஒத்தை எழுத்து காட்டிருது. 1986-ல தூத்துக்குடி பக்கம் பிரிஞ்சு நெல்லை கட்டபொம்மன் மாவட்டம், சிதம்பரனார் மாவட்டம்னு பேர் வந்ததும், 1997-ல தலைவர்கள் பேர எல்லா மாவட்டத்துல இருந்தும் எடுத்து திரும்ப திருநெல்வேலின்னே ஆனதும் ‘பேரு மாத்துனது’, ஒருத்தரும் ‘பேரு மாறிட்டு’ன்னு சொல்லிக் கேட்டதில்ல.

எழுத்துத் தமிழ்ல நான் ரொம்ப வருத்தப்படுற விஷயம் இங்கதான் வருது. பேச்சுல இவ்ளோ தெளிவா இருக்க மக்கள், பேனா எடுத்தா எல்லாத்தையும் ‘மாற்றம்’னு பெயர்ச்சொல்லா ஆக்கிருதாவ. ‘கட்டண மாற்றம் செய்யப்பட்டுள்ளது’, ‘நேர மாற்றம் ஏற்பட்டுள்ளது’. யாரு செஞ்சா? தானா ஏற்பட்டுச்சா? ரேஷன் கடை வாசல்ல இந்த மாதிரி நோட்டீஸப் படிச்ச ஒரு அக்கா ‘ஏட்டி, இது மாறிட்டுங்காவளா, மாத்திட்டோம்ங்காவளா?’ன்னு பக்கத்துல நின்னவகிட்ட கேட்டாவ. அதுதான் சரியான கேள்வி. கட்டணத்த உயர்த்துனா உயர்த்திட்டோம்னு எழுதணும், நேரத்த மாத்துனா ‘நேரத்தை மாற்றியுள்ளோம்’னு எழுதணும். படிக்கறவன் யாருகிட்ட போயி கேக்கணும்னு அவனுக்குத் தெரியணும்.

‘காலநிலை மாற்றம்’ங்கிற சொல்லையும் இதோட சேத்துப் பாக்கணும். அரசுத் துறைக்கே சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத்துறைன்னு பேரு, சொல்லு நெலச்சிட்டு, நல்ல சொல்லுதான். ஆனா 2023 டிசம்பர் 17, 18-ல நம்ம பக்கம் பேஞ்ச மழை, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 செ.மீ., தாமிரபரணி கரை தாண்டி வீட்டுக்குள்ள வந்துச்சு, அதுக்குப் பொறவு டீக்கடைல எல்லாரும் ‘கிளைமேட்டே மாறிட்டு’ன்னுதான் பேசுனாவ. மாறிட்டுன்னு சொன்னா வானம் தானா செஞ்ச வேலை. கரியையும் டீசலையும் எரிச்சு காத்துல புகைய ஏத்துனது மனுசன், கொளத்தத் தூத்து பிளாட் போட்டதும் மனுசன். ‘மாத்திட்டோம்’னு சொல்லிப் பழகணும்னு நெனைக்கேன், சொல்லு சரியானா கேள்வியும் சரியா வரும்.

மாறுதல், மாற்றம் ரெண்டுக்கும் அகராதில பெரிய வித்தியாசம் இருக்காது, பொழக்கத்துலதான் பிரிஞ்சிருக்கு. அரசாங்கத் தமிழ்ல ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு, ஒரு எடத்துல இருந்து இன்னொரு எடத்துக்குப் போறதுக்கு பெரும்பாலும் மாறுதல்னு போடுதாவ. பட்டா மாறுதல், வாத்தியாருங்களுக்குப் பணியிட மாறுதல் கலந்தாய்வு. நெலம் அப்படியே கெடக்கு, பேரு மட்டும் கைமாறுது, உப்பை மாறின அதே பழைய அர்த்தம் தாலுகா ஆபீஸ் வரைக்கும் வந்திருக்கு பாருங்க. தன்மை வேறாகுறதுக்கு மாற்றம், மனமாற்றம், உருமாற்றம், நிறமாற்றம். பதிலா வைக்கிற இன்னொண்ணுக்கு மாற்று, மாற்றுப்பாதை, மாற்று ஏற்பாடு, பள்ளிக்கூடத்துல தார டீசிக்கு மாற்றுச் சான்றிதழ். மாற்றுத்திறனாளிங்கிறதும் இந்தக் குடும்பந்தான், ஊனத்தச் சொல்லாம வேற ஒரு திறமை இருக்க ஆளுன்னு சொல்லுறதுக்காக வந்தது, வந்தது ரொம்ப நல்லது.

எழுத்துல சறுக்குற எடம் சிலது இருக்கு. ‘இது மாறி, அது மாறி’ன்னு இப்பம் எல்லாரும் டைப் பண்ணுதாவ, அது ‘மாதிரி’ தேஞ்சது, மாறுவுக்கும் அதுக்கும் ஒரு ஒறவும் கெடையாது, ‘அவன் மாறி நீ மாறாத’ன்னு எழுதுனா படிக்கறவன் எப்படிப் புரிஞ்சுக்கிடுவான்? மாரின்னு இடையின ‘ரி’ போட்டா மழை, மாரியம்மன். ‘வருமாறு’, ‘கேட்டுக்கொள்ளுமாறு’ இதுல இருக்கது வரும் ஆறு, கேட்டுக்கொள்ளும் ஆறு, ஆறுன்னா வழி, விதம். வெளக்குமாறு, கோவில்பட்டி கரிசல் பக்கம் அடுப்பெரிக்க பருத்திமாறு, இது குச்சி, மிலாறு, அது தனிச் சொல்லு. ஆனா பரிமாறுறது நம்ம ஆளுதான், எலைல சோறு போடுறதும் கருத்துப் பரிமாறுறதும் ஒரே சொல்லுல வந்திருக்கு.

நம்ம ஊரு ஆழ்வார் பேரையும் சொல்லாம விட முடியல. ஆழ்வார்திருநகரில பொறந்த நம்மாழ்வாருக்கு மாறன்னு பேரு, அப்பா பேரு காரி, அதனால காரிமாறன். பொறந்த பிள்ள அழல, பால் குடிக்கல, உலக இயற்கைக்கு மாறா இருந்துச்சு, அதனால மாறன்னு வைணவப் பெரியவங்க காரணம் சொல்லுவாவ. மாறங்கிறது பாண்டியங்களுக்கும் பழைய பேரு. அவங்கள்ல சடையவர்மன், மாறவர்மன்னு பட்டம் ஒருத்தர் விட்டு ஒருத்தருக்கு மாறி மாறி வந்திருக்கு.

சேஞ்சுங்கிற இங்கிலீஷ் சொல்லு வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன், கண்டக்டர் ‘சேஞ்ச் வச்சிருக்கியளா’ன்னா சில்லறையக் கேக்காரு, எலக்ட்ரீசியன் சேஞ்ச்ஓவர்னா ஜெனரேட்டருக்கு மாத்துற சுவிட்சச் சொல்லுதாரு, அவங்க வேலைக்கு அது ஓடுது. துட்டுங்கிற நம்ம சொல்லே டச்சுக்காரன் காசுப் பேரு, 1658-ல அவன் தூத்துக்குடியப் புடிச்ச காலத்துக்குப் பொறவு இந்தக் கரைல பொழங்குன காசு, இன்னைக்கி அதவிட நெல்லைத் தமிழ் எது இருக்கு. ஆனா அஞ்சு வேற விஷயத்துக்கு ஒரே சேஞ்சப் போட்டா அஞ்சும் மங்கிப் போவுது, அதுதான் எனக்கு ஆகாது.

உங்க பேங்க் லெட்டருக்கு வாரேன். கஸ்டமர் வீடு மாறிட்டாருன்னா ‘முகவரியை மாற்றித் தருமாறு’ன்னு அவரு எழுதணும், நீங்க பதில்ல ‘தங்கள் முகவரியை மாற்றியுள்ளோம்’னு எழுதுங்க, ‘முகவரி மாற்றம் செய்யப்பட்டது’ வேண்டாம். கணக்கு ஒரு கிளைல இருந்து இன்னொரு கிளைக்குப் போனா ‘கணக்கு மாறுதல்’ பொருந்தும். ஏடிஎம் வேலை செய்யலன்னா ‘மாற்று ஏற்பாடாக அருகிலுள்ள கிளையை அணுகவும்’. வட்டி வீதம் கூடுனா ‘வட்டி வீத மாற்றம்’னு பூசி மொழுகாம ‘வட்டியை உயர்த்தியுள்ளோம்’னு எத்தனை சதவீதத்துல இருந்து எத்தனை சதவீதத்துக்குன்னும் சேத்துப் போட்டிருங்க, கொறஞ்சா ‘குறைத்துள்ளோம்’.